அத்தானைத் தேடி யாரும் வரவில்லை

என் ஆசை அக்காவுக்கு,

நீங்கள் கண்மூடிய பிறகு வரும் முதல் ஈஸ்டர் இது. ஒஸ்லோ வெறிச்சோடிக் கிடக்கிறது. இந்த நாட்டு ஈஸ்டர் வழக்கப்படி தோடம்பழங்களையும் கொலைக்கதைப் புத்தகங்களையும் கட்டிக்கொண்டு சனம் எல்லாம் மலைவீடுகளுக்குப் போய்விட்டது. "பெரிய வெள்ளியிலை கொலை வாசிக்கிற சனத்தை இஞ்சைதான் கண்டனான்" என்று வந்த புதிதில் சொன்னீர்கள். இரண்டு வருடம் போகவில்லை, நீங்களும் வாசிக்கத் தொடங்கியிருந்தீர்கள்.

மொழி பழகுவதற்கு என்றுதான் தொடங்கினீர்கள். நோர்வேக் கதைகள் முடிய சுவீடன், பிறகு மொழிபெயர்ப்பில் ஜேர்மன், இத்தாலி, ஸ்கொட்லாந்து. முதியோர் இல்லத்தில் நீங்கள் தரை துடைக்கும்போது விலகி நடந்த தாதிகள், கொலைகாரன் யாராக இருக்கும் என்று உங்களிடம் கேட்கத் தொடங்கினார்கள். சாப்பாட்டு மேசையில் உங்களுக்கு ஒரு கதிரையை எடுத்துத் தந்தது அந்தப் புத்தகங்கள்தான்.

அப்படித்தான் ட்வெய்ட்டாப் பகுதியில் நடந்த வாசகர் வட்டத்துக்கும் போனீர்கள். துணைக்கு வந்த நான் சுவரோரம் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். வட்டத்தை நடத்திய பெண் ஒருநாள் கேட்டாள்: "இத்தனை நாட்டுக் கதைகளிலும் பொதுவாக இருப்பது என்ன?" மழை, கோப்பி, மனைவி விட்டுப்போன பொலிஸ்காரன் என்று சொல்லிச் சிரித்தார்கள்.

நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் நோர்வேஜிய மொழியில், சொல் சொல்லாகத் தேடிச் சொன்னீர்கள்: "ஒருவர் செத்தால் யாராவது தேடி வருவார்கள் என்ற நம்பிக்கை. அதுதான் உங்கள் ஐரோப்பா. யாழ்ப்பாணத்தில் என் கணவரை ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தேடி யாரும் வரவில்லை. உடலும் இல்லை."

வட்டத்தில் இருந்த, பொஸ்னியாவிலிருந்து வந்த ஆம்ரா உங்கள் பக்கம் திரும்பினாள். "என் அண்ணனையும் அப்படித்தான் கொண்டு போனார்கள். எங்கள் ஊரும் ஐரோப்பாவில்தான் இருக்கிறது." மிச்சத்தையும் சொன்னாள். பல வருடங்களுக்குப் பிறகு பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் தான் கண்டதைச் சொன்னானாம். அவன் காட்டிய இடத்தில் தோண்டி, இவளிடம் இரத்தம் எடுத்து ஒப்பிட்டு, எலும்புகளுக்கு ஒரு பெயர் கொடுத்தார்களாம்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது என்னைக் கேட்டீர்கள்.

"தம்பி, நீ அண்டைக்கு வெளியிலைதானே நிண்டனி. ஒண்டும் காணேல்லையோ?"

"இல்லை அக்கா. நான் கிணத்தடியிலை நிண்டனான்."

"ஓம். அப்பவும் அப்பிடித்தான் சொன்னனி."

அதற்கு மேல் கேட்கவில்லை. பாதிப் புத்தகத்திலேயே கொலைகாரனைக் கண்டுபிடிக்கிற உங்களுக்கு என் பொய் தெரியாமலா இருந்தது?

அக்கா, அன்று நான் வீட்டு வாசலுக்கு வெளியே ஒழுங்கையில்தான் நின்றேன். வானில் ஏற்றும்போது அத்தான் என்னைக் கண்டார். கூப்பிடவில்லை. போ என்று கண்ணால் காட்டினார். நான் வேலிக்குப் பின்னால் ஒதுங்கினேன். வானை ஓட்டியவனை எனக்குத் தெரியும். என் பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவன். அவனும் என்னைக் கண்டான்.

அம்மா அங்கே உயிரோடு இருந்தவரை, அம்மாவை என்ன செய்வார்களோ என்ற பயம். அம்மா போன பிறகு வெட்கம். நீங்கள் அத்தானின் படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கியபோது உங்களுக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு வந்தவன் நான். அந்த முகத்தோடு எப்படிச் சொல்வது? வைத்தியசாலையில் கடைசி வாரம் சொல்லிவிடலாம் என்றுதான் கட்டிலருகில் வந்து இருந்தேன். நீங்கள் புத்தகத்தைத் தந்து கடைசி அத்தியாயத்தை வாசிக்கச் சொன்னீர்கள். வாசித்தேன். முடிவதற்குள் உறங்கிவிட்டீர்கள்.

ஆம்ரா போன கோடையில் ஊருக்குப் போய் அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்தாள். நேற்று அவளைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் தேற்றவில்லை. "உன் அக்கா கேட்டபோது சொல்லியிருக்கலாம்" என்றாள். கதவுவரை வந்து, "இப்போதாவது கண்டதை எழுது" என்றாள்.

விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை ஒரு சட்டத்தரணியைப் பார்க்க நேரம் எடுத்திருக்கிறேன். அங்கே யார் விசாரிப்பார்கள், யார் தோண்டுவார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் அசையாமலே போகலாம். ஆனாலும் வானின் நிறம், வந்த நேரம், ஓட்டியவனின் பெயர் எல்லாம் எழுதுவேன். கடைசியில் என் முழுப்பெயரையும் போட்டு, நான் கண்டேன் என்று எழுதுவேன்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன் அக்கா.

உங்களோடு கூடப்பிறந்த,
தம்பி