சட்டைக்குள் ஒரு பொத்தான் பை

செல்ல வாலு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத உட்கார்ந்தால், இந்த முறை 'நலம்' என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றுவிட்டது. பதறாதே, அப்பா நன்றாக இருக்கிறார், இதையெல்லாம் அவளுக்கு எழுதாதே என்று பக்கத்தில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கிறார். போன வாரம் கடை வேனில் ஒரு பீரோவை ஏற்றிக்கொண்டு போனவர், சர்க்கரை இறங்கித் தலை சுற்றவே, வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டாராம். எதிரே பஞ்சர் ஒட்டுகிறவர் ஓடிவந்து பார்த்தால் நினைவே இல்லை. ஃபோன் பூட்டிக் கிடந்தது. லைசென்ஸைப் படம் எடுத்து ஃபோனில் வைத்திருக்கிறேன், அட்டை எதற்கு என்பாயே, அந்தப் படம் அன்றைக்கு யாருக்கு உதவியிருக்கும்? பழைய லைசென்ஸைச் சட்டையோடு ஊறப்போட்டு எழுத்தெல்லாம் அழிந்த பிறகு, அப்பாவின் சட்டைகளுக்கு உள்பக்கம் பொத்தான் வைத்துச் சின்னப் பை தைத்தேனே, 'இதென்ன பேங்க் லாக்கரா?' என்று அப்பாவும் பெண்ணும் சேர்ந்து கிண்டல் பண்ணினீர்களே, அந்தப் பையிலிருந்துதான் பஞ்சர்காரர் லைசென்ஸை எடுத்தார், ஒரு கீறல் இல்லாமல்.

அதிலும் ஒரு கூத்து. வீடு மாறியும் லைசென்ஸில் முகவரியை மாற்றாமல் அப்பா நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார் இல்லையா, பஞ்சர்காரர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த நம் பழைய வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். வீடு பூட்டிக் கிடக்க, பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தது யார் தெரியுமா, கொடிக்கயிறு அக்கா! துணி காயப்போடும் கயிற்றுக்காக என்னோடு சண்டை போட்டு, இனி உன் முகத்திலேயே முழிக்கமாட்டேன் என்றவள். லைசென்ஸில் திருடன் மாதிரி முழிக்கிறார் என்று நாம் சிரிப்போமே, அந்தப் படத்தைப் பார்த்ததும், 'ஐயோ, இவருக்குச் சுகர் இருக்குங்க, சாப்பிடாம கிளம்பியிருப்பாரு' என்று செருப்புக்கூடப் போடாமல் ஓடியிருக்கிறாள். ஆம்புலன்ஸ்காரர்களிடம் சுகர் விஷயத்தைச் சொன்னதும் அவள்தான், எனக்கு ஃபோன் செய்ததும் அவள்தான். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பா கண் விழித்துவிட்டார், அவள் அந்த லைசென்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு அட்டை, ஊர் பேர் தெரியாதவரையும், என்னோடு பேசாதவளையும் ஓடவைத்து அப்பாவை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டதே! இன்னும் மலைப்பு தீரவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அந்த அட்டையை எடுத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், பால் பொங்கி வழிந்துவிடுகிறது.

நீயோ நாளெல்லாம் பார்சல் வேன் ஓட்டுகிறவள். லைசென்ஸைப் பின்பாக்கெட்டில் வைத்து அதன்மேல் உட்காராதே, விரிசல் விடும். சாவிக்கொத்தோடு போடாதே, எழுத்து தேயும். வண்டியிலேயே விட்டுவிட்டும் இறங்காதே. உள்பை தைத்து இரண்டு சட்டை அனுப்பியிருக்கிறேன், சிரிக்காமல் போட்டுக்கொள். அறை மாறிவிட்டாயே, முகவரியையும் உடனே மாற்று. ஆனால் ஒன்று, அப்பா மட்டும் ஒழுங்காக மாற்றியிருந்தால் பஞ்சர்காரர் இந்தப் புது வீட்டுக்கு வந்திருப்பார், நான் தையல் கடையில் இருந்திருப்பேன், இங்கே பக்கத்து வீட்டில் யாருக்கும் அப்பா முகமே தெரியாது. அதை நினைத்துத்தான் நேற்று நானே போய் இந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களோடு பேசிவிட்டு வந்தேன்.

நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாயிரு, தாயே. பதிலில் வேறொன்றும் எழுதாவிட்டாலும் போகிறது, உன் பக்கத்து அறைக் கதவைத் தட்டி, அங்கே இருப்பவர் பேரைக் கேட்டு எனக்கு எழுது.

உன் அம்மா