முத்துநுரை நாவாயின் நங்கூரம் முறிந்தமை குறித்து

திரு விளங்குக. அலை ஓயாக் கரையும் அறம் ஓயா அவையும் உடைய நீலவரை நாட்டரசியார் நறுமுகைத் தேவியாரின் திருவாய்மொழிப்படி, வெண்ணாவலூர் நங்கூரப் பட்டடைக்குத் தலைமை பூண்ட மருதவேள் கண்டு தலைமேற்கொள்ள வேண்டிய ஓலை. நும் ஊர் வாழ்க; நும் ஊர்க் கொல்லர் வாழ்க. நும்மை வாழ்த்தும் சொல்லை அரசியார் இம்முறை அருளவில்லை.

முத்துநுரை நாவாய் கரை தெரியும் தொலைவிலேயே பாறையில் மோதிச் சிதறியது ஏன் என வினவியதற்கு, காற்று மிகுந்தது, ஊழ் வலிது என்று மறுமொழி விடுத்தீர். அதை வாசிக்கக் கேட்ட அரசியார், உயிர் தப்பிய நாவாய்த் தலைவன் கோடனை அழைப்பித்தார். உடன்பிறந்த தம்பியை அக்கடலில் இழந்த அவன், அரசவை என்பதையும் மறந்து, "காத்து என்னைக்குத்தான் அடிக்கலை தாயே? பாய இறக்கிட்டு நங்கூரத்தப் போட்டோம். வடம் அறுந்து போகலை. இரும்புதான் ரெண்டா போச்சு" என்று கதறி, வடத்தோடு மேலே வந்த பாதித் தண்டை அவை நடுவே போட்டான்.

அரசியார் இருக்கை விட்டிறங்கி முறிந்த முகத்தைக் குனிந்து நோக்கினார். விளிம்பில் மட்டுமே இரும்பு ஒன்றியிருந்தது. உள்ளே, காய்ச்சி இணைத்த இரு துண்டும் ஒட்டாமல் கசடு கருத்துக் கிடந்தது. நும் கொல்லரை வரவழைத்துக் கேட்டபோது உண்மை வெளிப்பட்டது. மழையில் நனைந்த கரியால் உலை சூடேறவில்லை. அக்கரியில் அடித்த நங்கூரங்களுள் சில பட்டடை முற்றத்திலேயே முறிந்தன. அவற்றைக் குப்பையில் எறியச் சொன்ன நீர், ஏன் முறிந்தன என்று ஒருவரையும் கேட்டீரில்லை. விழாவுக்குள் நாவாய்கள் புறப்பட வேண்டும் என்று விரட்டி, எஞ்சியவற்றைத் துறைமுகத்துக்கு அனுப்பினீர். இதற்கா ஊழ் என்று பெயரிட்டீர்?

அரசியார் நாவாய்கள் அனைத்தையும் நிறுத்தி, அம்மழைக்காலத்து நங்கூரங்களைத் துறைச் சுவரின் மேலிருந்து பாறையில் போடுவித்தார். பல முறிந்தன. ஒவ்வொன்றும் முறியும்போது கோடன் முகம் திருப்பிக்கொண்டான். இவற்றை நம்பியன்றோ மாலுமிகள் கண்ணயர்ந்தார்கள் என்று அரசியார் சினந்துரைத்தார்.

ஆதலின் ஆணை இது. கரி இனி ஓட்டுக் கொட்டகையில் உலர்த்தப்படுக. உலை மூட்டுமுன் கொல்லரும் கரிசுடுவோரும் மாலுமிகளும் ஒருங்கமர்ந்து, எங்கே பிழை நேரலாம், நேர்ந்தால் யாருக்குக் கேடு என்பதை வாய்விட்டுப் பேசி, அதற்குரிய காப்பைச் செய்த பின்னரே சம்மட்டி ஓங்குக. சூடு போதாதென்று எக்கொல்லன் சொன்னாலும் வேலை நிற்க. ஒரு நங்கூரம் முறிந்தால், காரணம் தெரியும் வரை அவ்வுலையில் பிறந்த எதுவும் வாயிலைத் தாண்டலாகாது. பாறையில் போட்டுத் தேறாத நங்கூரம் எந்த நாவாயிலும் ஏறலாகாது.

இவ்வாறு அடித்த முதல் நங்கூரத்தோடு கோடன் கடலேறும்போது நீரும் உடன் செல்க. நும்மை நாவாயில் ஏற்ற அவன் முதலில் மறுத்தான். பின்னர், "வரட்டும். அவரு சோதிச்ச நங்கூரத்த நம்பி அவரும் ஒரு ராத்திரி தூங்கிப் பாக்கட்டும்" என்று இசைந்தான். அந்நங்கூரத்தைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு நுமதே.

அரசியார் திருமுன் மீன்கொத்தி முத்திரை பொறிக்கப்பட்டது. மறுமொழி ஓலை வேண்டா. நீரே துறைக்கு வருக.