பரிபூரணத்தின் எருக்குழி

12.6.1991, புதன்
பள்ளிக்கூடம் விட்டதும் தோப்புக்குப் போனேன். இன்னும் இரண்டு தென்னங்கன்றுகளில் குருத்து இல்லை. காண்டாமிருக வண்டு உள்ளே குடைந்து மென்று துப்பியிருக்கிறது. இதோடு பதினொன்று. என் வீட்டுக்காரர் கம்பியால் குத்தி ஒரு வண்டை வெளியே எடுத்தார். "உங்க ஹெட்மாஸ்டர் மாதிரியே முறைக்கான்" என்றார். சிரிப்பு வந்தது. கன்றைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

15.6.1991, சனி
செட்டியார்பட்டியில் தோப்புக்காரர்கள் கூட்டம். விவசாய ஆபீசர் சங்கிலிப்பாண்டி விளக்கினார்: வண்டு முட்டையிடுவது எருக்குழியில். எல்லாக் குழியையும் ஒரே நாளில் கிளறிப் புழுவைப் பொறுக்க வேண்டும். "ஒத்தக் குழிய விட்டாலும் திரும்ப வந்துரும்."

இருபத்திரண்டு பேர் கை தூக்கினோம். வராதவள் ஒருத்திதான் — பரிபூரணம், என் கொழுந்தன் மனைவி. எங்கள் தோப்புக்கு அடுத்தது அவளுடையது. கொழுந்தன் இறந்தபின் பம்புசெட் தண்ணீர் முறையில் தகராறாகி, நாலு வருசமாகப் பேச்சில்லை. "ஜெயபாய் டீச்சர் போய்ச் சொல்லட்டும்" என்று முடிவாகிவிட்டது. நான்தானா கிடைத்தேன்?

17.6.1991, திங்கள்
போகவில்லை.

18.6.1991, செவ்வாய்
வேலிவரை போய்த் திரும்பிவிட்டேன். சண்டை போட்ட பிள்ளைகளைக் கைகுலுக்கச் சொல்கிற டீச்சர் நான்.

20.6.1991, வியாழன்
போனேன். மில்லில் நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"வாங்க டீச்சர்."

டீச்சராம். வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டவள்.

"நாலு வருசமா இந்த வேலிப் படலத் தொடல. இப்ப வண்டுக்காக வந்தீகளாக்கும்?"

"வண்டுக்காகத்தான் வந்தேன்." பொய் சொல்ல வரவில்லை.

என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய்க் குழியைக் காட்டினாள். ஆறு வண்டி எரு இருக்கும்.

"ஒத்த ஆளு, ராத்திரி பூரா மில்லு. இத நான் எப்பிடிக் கிளற? கை குடுக்க வாரேன்னு யாராவது ஒரு வார்த்தை சொன்னீகளா?"

யாரும் சொல்லவில்லை. நானும்தான். பம்புசெட் தகராறில் நான் பேசிய பேச்சும் கொஞ்சநஞ்சமில்லை — தாலி அறுத்து மூணு மாசம் ஆகாதவளிடம். "அன்னைக்கு நான் பேசுனது தப்புத்தான்" என்றேன். இதற்கு எனக்கு நாலு வருசம் பிடித்திருக்கிறது.

அவள் அடுப்படிக்குப் போனாள். காப்பி போட்டுக் கொடுத்தாள். சீனி அதிகம். முழுசாகக் குடித்தேன்.

23.6.1991, ஞாயிறு
உடம்பெல்லாம் வலி. ஆனாலும் எழுதாமல் தூங்க முடியாது. சர்ச்சில் காலை ஆராதனை முடிந்ததும் எல்லாக் குழிகளிலும் மம்பட்டி விழுந்தது. பரிபூரணம் குழிக்குக் கை கொடுக்க நாங்கள் பதினோரு பேர். கட்டைவிரல் தண்டிக்கு வெள்ளைப் புழுக்கள், அறுநூற்று நாற்பது! கோழிகள் தின்று தின்று நடக்க மாட்டாமல் உட்கார்ந்துவிட்டன. அதற்குமேல் பொறுக்கிப் போட்டதை ஒரு கோழிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"யக்கா, தள்ளி நில்லு. மம்பட்டி கால்ல பட்டுரப்போவுது."

அவள்தான். சொன்னதை அவளே கவனிக்கவில்லை. நான் தள்ளி நின்றேன்.

8.9.1991, ஞாயிறு
புதிதாக ஒரு கன்றுகூடச் சாகவில்லை. அவள் தோப்பிலும்தான்.

2.11.1991, சனி
கிருஷ்ணன்கோவில் பக்கத்துத் தோப்புக்காரர்கள், நாங்கள் செய்ததை வந்து சொல்லும்படி கூப்பிட்டிருந்தார்கள். நானும் பரிபூரணமும் போனோம். பஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டுமுன் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ராத்திரி முழுக்க மில்லில் நின்றவள். கிருஷ்ணன்கோவில் ஸ்டாப் வந்தது. எழுப்ப மனசு வரவில்லை. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தோம்.

"ஏன்க்கா எழுப்பல?"

"டிரைவர் நிப்பாட்டல" என்றேன்.