தேர் திரும்பும் முனை

விழுப்புரம் சிறை
18.5.2025

அன்புள்ள ஜெசிந்தாவுக்கு,

நலம். போன வாரம் பார்க்க வந்தபோது இளைத்துத் தெரிந்தாய். பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு நீ பட்டினி கிடக்காதே.

வக்கீல் வந்தார். ஈஸ்டர் தேரை மறித்து, அதிலிருந்த இயேசு சொரூபத்தின் கையை உடைத்தது நான்தான், இனிமேல் கீழத்தெருவுக்குத் தேர் வரவேண்டுமென்று கேட்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், மேலத்தெரு ஆனந்தராஜ் புகாரை விட்டுவிடுவாராம். நான் கைகூப்பி நின்று கேட்டேன், அவ்வளவுதான். மேலத்தெருக்காரர்கள் தேரைப் பின்னால் இழுத்ததில் சொரூபம் சாய்ந்தது. ஆனாலும் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். கடவுளும் நம் தெரு முனையோடு திரும்பி மேலத்தெருவுக்குப் போகிறவர்தானே. எனக்காக ஜெபம் பண்ணுவதை விட்டுவிடு. வெறுத்துப்போய்விட்டது.

உன்
சவுரிராயன்

மரியே வாழ்க

கீழத்தெரு, திண்டிவனம் வட்டம்
24.5.2025

அன்புள்ள மாமாவுக்கு, ஜெசிந்தா எழுதிக்கொள்வது.

ஜெபத்தை விடச் சொல்ல நீங்கள் யார்? அது எனக்கும் அவருக்கும் உள்ள பேச்சு. இப்போதெல்லாம் சண்டைதான் போட்டுக்கொண்டிருக்கிறேன், ஆனால் பேச்சை நிறுத்தவில்லை.

வீட்டுக்கு வருவதற்காகக் கையெழுத்துப் போடுவதென்றால் போடுங்கள், ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சின்னவள் உங்கள் சட்டையைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறாள். கடவுள் நமக்கில்லை என்று முடிவுகட்டி மட்டும் போடாதீர்கள். அதை ஆனந்தராஜ் சொல்லட்டும்.

முப்பத்தொன்றாம் தேதி மாதா தேர். எப்போதும் முனையில் போய் நின்று தூரத்திலிருந்து கும்பிடுவோமே, இந்த வருஷம் நம் தெருவில் யாரும் போகப்போவதில்லை, நம் வாசலிலேயே காத்திருக்கப்போகிறோம். அதுவரைக்கும் வக்கீலைக் காத்திருக்கச் சொல்லுங்கள். உள்ளே விட்டால் மல்லாட்டை உடைத்துக் கடலையை வறுத்து எடுத்து வருகிறேன்.

ஜெசிந்தா

மரியே வாழ்க

கீழத்தெரு
2.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

தேர் வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தெருவைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, வாசலுக்கு வாசல் மெழுகுவர்த்தி ஏற்றினோம். தேர் வருகிற தெருவில்தான் ஏற்றுவது வழக்கம். வராத தேருக்கு எதற்கு என்று உங்கள் தம்பியே கேலி பண்ணினார். தேர் முனைக்கு வந்தது, சற்று நின்றது, திரும்பிவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது கூட்டத்திலிருந்து ஒருத்தி பிரிந்து நம் தெருவுக்குள் வந்தாள். ஆனந்தராஜின் தம்பி மனைவி ரோஜா. கையிலிருந்த மெழுகுவர்த்தி காற்றில் அணைந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் அவளுக்கு நெருப்பு கொடுக்க ஆளா இல்லை? நேரே நம் வாசலுக்கு வந்து கேட்டாள், நம் வீட்டில் தண்ணீர்கூட வாங்காதவர்கள். பின்னாலிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். பற்றவைத்துக்கொண்டு சொன்னாள்:

"சவுரிராயண்ணன் சொரூபத்தத் தொடவே இல்ல ஜெசிந்தா. இவங்க இழுத்ததுலதான் சாஞ்சுது. நான் பாத்துக்கினுதான் இருந்தேன். கோர்ட்டுல வந்து சொல்றேன்."

இன்று காலை என்னோடு வக்கீலிடம் வந்து சொல்லியும்விட்டாள். இனி உங்கள் இஷ்டம்.

ஜெசிந்தா

விழுப்புரம் சிறை
9.6.2025

அன்புள்ள ஜெசிந்தாவுக்கு,

கையெழுத்துப் போடவில்லை. ஜாமீன் கிடைக்கலாம் என்கிறார் வக்கீல், தள்ளியும் போகலாம். சின்னவளை எப்படியாவது சமாளித்துக்கொள்.

ரோஜாவை அந்த வீட்டில் நிம்மதியாக விடமாட்டார்கள். யார் மூலமாகவாவது விசாரித்துக்கொண்டே இரு. உன் கடிதத்தைப் படித்துவிட்டு முழங்காலில் நின்றேன். என்னை வெளியே விடச் சொல்லிக் கேட்கத்தான் நின்றேன், வாயில் வந்ததோ அவள் பெயர். அந்த மேலத்தெருப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள் என்று மாதாவிடம் கேட்டேன் ஜெசிந்தா. நான் கேட்டேன்.

உன்
சவுரிராயன்