அண்ணன் தொடையில் வளர்ந்தது

மார்கழி 4, திங்கள்
தங்கச் சுரங்கத்தார் என் அண்ணனைத் திருடனாக்கிவிட்டார்கள். பொய்.

பனி. தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டுப் பக்கமிருந்து காற்று. வாயெல்லாம் தூசி.

போன மாதம் சுரங்கத்தின் அடி லெவலில் முட்டுக் கொடுத்த மரம் சரிந்து அண்ணன் தொடையில் அடி. வீக்கம் வற்றவில்லை, இறுகியது. நேற்று ஷிப்ட் முடிந்து மேலே வந்தவரைச் சோதனை போட்ட வாட்ச்மேனின் கை அங்கேயே நின்றது.

"இன்னாடா உள்ள? கல்லாட்டம் கீது."

"அடிபட்டதுங்க."

"தங்கத்த உள்ள வச்சித் தச்சிக்கினியா?"

தோலில் தழும்பே இல்லை. அதை யார் பார்த்தார்கள்? காவலுக்குத் தலைவரான வெள்ளைக்காரத் துரை, அண்ணனை ஆஸ்பத்திரியில் அடைத்துவிட்டார்.

5, செவ்வாய்
பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போகவில்லை. என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

தண்ணீர்த் தொட்டியருகே ஒருத்தி அண்ணியிடம்: "தொடையில தங்கம் வெளையுதாமே! எங்கூட்டு ஆளுக்கும் ஒரு வெதை குடேன்." அண்ணி அரைக்குடத்தோடு திரும்பிவிட்டார்.

ஆஸ்பத்திரி டாக்டர் நம்மவர். மெட்ராஸில் படித்தவர். அண்ணன் தொடையை அழுத்திப் பார்த்தார். தோல் நகர்கிறது, கட்டி நகரவில்லை. ஓரம் கல், நடுவில் இளக்கம்.

"சதைக்குள்ள எலும்பு வளருது, தம்பி. அடிபட்ட சிலருக்கு இப்படி ஆகும்."

"நிச்சயமா?"

"கெட்ட கட்டியாவும் இருக்கலாம். அதுன்னா வளர்ந்துகிட்டே போகும். அடியால வந்ததுன்னா கொஞ்ச நாள்ல நின்னுடும். காத்திருந்து அளந்து பார்க்கணும். இப்பக் கத்தி வைக்கக் கூடாது. வெட்டினா இன்னும் மூர்க்கமா வளரும்."

எலும்பைப் படம் பிடிக்கும் புதுக் கருவி மெட்ராஸில் இருக்கிறதாம். அங்கே அனுப்பலாமா என்று துரையிடம் கேட்டிருக்கிறார். கத்தி இங்கேயே இருக்கிறதே என்றாராம் துரை.

6, புதன்
சோறு வேகவில்லை. நாளைக் காலை தொடையைக் கீறிப் பார்க்கத் துரை உத்தரவு.

"கீற முடியாதுன்னு சொல்லுங்க" என்றேன் டாக்டரிடம். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். படித்த கோழை.

ஜன்னல் வழியே அண்ணன்: "டேய், இன்னிக்கி கொஞ்சம் மடக்க வருதுடா. பாரு." முழங்கால் பாதி மடங்கியது. சிரித்தார். கத்தி விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லவில்லை.

7, வியாழன்
காலையில் கீறிவிட்டார்கள். தங்கம் இல்லை. பீங்கான் தட்டில் பாதி எலும்பு, பாதி சதை. துரை அதைப் பென்சிலால் புரட்டிப் பார்த்தார்.

டாக்டர் மெதுவாக: "இனி கால் மடங்கறது சந்தேகம்தான்." சுரங்கத்தில் குனிந்தும் தவழ்ந்தும் செய்கிற வேலை.

துரை படியிறங்கினார். வழியை மறித்தேன்.

"அவர் திருடன் இல்லைன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. சுரங்கத்துக்கு மேல ஒரு வேலை குடுங்க. இப்பவே சொல்லுங்க."

தொப்பியைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார்.