ஆளுக்கு நூறு கிராம் அரிசி

நாள் 1911. காலை 5:40. சமையலறை

பேத்தி கோமதி கோவில்பட்டியில் பன்னிரண்டாம் வகுப்பில் மாவட்டத்திலேயே இரண்டாவது. அவள் தம்பி கதிரேசன் சிலம்பத்தில் மாநிலக் கோப்பை வாங்கியிருக்கிறான். மகள் செண்பகம் இந்தச் செவ்வாய்க் குகைக்குள் மண்ணே இல்லாமல், விளக்கு வெளிச்சத்தில் கோதுமை விளைவித்தவள். அவள் பெற்ற உலகம்மைக்கு நாலு வயசு. இந்தக் கிரகத்தில் பிறந்த முதல் பிள்ளை. சமையல் குறிப்பேட்டில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர் கேட்கட்டும். ஐந்தாவது வரை படித்த பேச்சித்தாய் எழுதுகிறேன். முதலில் எழுத வேண்டியதை முதலில் எழுதிவிட்டேன்.

பெரியவர் இருபத்திரண்டு, பிள்ளைகள் ஆறு. காலைக்குக் கோதுமைத் தோசை, கீரைத் துவையல். மதியம் கோதுமை ரவைச் சோறு. அரிசி அறுபது கிலோ, நல்ல நாளைக்கு மட்டும். அடுப்பு இரண்டும் சரி. காற்று வடிகட்டி சரி.

நாள் 1924. மாலை 6:15

ஆறு பிள்ளைகளுக்கும் வந்த காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் நாலு நாளில் நின்றுவிட்டது. பெரியவர்களுக்கு ஒரு நாள் தலைவலியோடு சரி. குடிநீர்த் தொட்டியில் ஏதோ வைரஸ் என்கிறார் டாக்டர் சகாயமேரி. தொட்டியைக் கழுவியாயிற்று. பிள்ளைகள் மறுபடி ஓடுகிறார்கள். தோசை கூடுதலாகப் பதினான்கு போனது.

நாள் 1941. காலை 7:30

உலகம்மை தோசையைத் தள்ளிவிட்டாள். மற்ற ஐந்தும் அப்படியே. வயிறு பானையாக உப்பியிருக்கிறது, கை குச்சியாக இருக்கிறது. டாக்டர் நாடாவைச் சுற்றி மேல்கையை அளந்தார். போன மாதம் பதினைந்து சென்டிமீட்டர், இப்போது பதின்மூன்று. டாக்டர் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு யாரையும் பார்க்காமல் போனார்.

நாள் 1943. காலை 11:00

இன்டர்காமில் டாக்டர் எல்லாருக்கும் பேசினார். கேட்டபடி எழுதுகிறேன்.

"குடலுக்குள்ள வைரஸ் வந்தப்போ உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போட்டுது. அந்த நேரம் வயித்துக்குள்ள கோதுமையும் இருந்துதுல்லா? அதையும் எதிரின்னு குறிச்சு வச்சிட்டுது. வைரஸ் போயிட்டு. சண்டை போகல. பிள்ளைங்க கோதுமை தின்னா உடம்பு தன் குடலையே அரிக்குது. பூமியில இது ஒருசில பிள்ளைங்களுக்குத்தான் வரும், அதுவும் மெதுவா. இங்க ஆறுக்கு ஆறும் வந்துட்டு. கோதுமை ஒரு பொட்டு கூடப் படக்கூடாது."

"மருந்து?" என்று கேட்டது செண்பகம்.

"கோதுமையை நிறுத்துறதுதான் மருந்து, வேற இல்ல."

இங்கே வயிறு நிறைக்கிற பயிர் கோதுமை ஒன்றுதான். என் மகள் வளர்த்த கோதுமை.

கப்பல் வர இன்னும் தொண்ணூற்றாறு நாள். அறுபது கிலோவை வகுத்துப் பார்த்தேன். பிள்ளைக்கு ஒரு நாளைக்கு நூறு கிராம். போக, மிஞ்சுவது இரண்டரைக் கிலோவுக்குள். பெரியவர் யாருக்கும் ஒரு மணி கிடையாது. மாவுத்தூசி படாமலிருக்கப் பிள்ளைகளை மருத்துவச் சுரங்கத்தில் வைத்துக் கதவை அடைத்தோம். புதுப் பானை, புதுக் கரண்டி. கஞ்சியைச் சுவர்த்துளை வழியாக உள்ளே தள்ளுவேன். பேச்சு இன்டர்காமில் மட்டும்.

நாள் 1955. மதியம் 1:20

பன்னிரண்டு நாளாக அரிசிக் கஞ்சிதான். குறையவில்லை, கூடுகிறது. உலகம்மையின் கை பதினொன்று புள்ளி நாலு. நாடாவில் அது சிவப்புப் பக்கம், உயிருக்கே ஆபத்து. காலையில் இழுப்பு வந்து இரண்டு நிமிடம் கண் சொருகிக் கிடந்தாளாம். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

இன்டர்காமில் அவள் குரல் கொசு மாதிரி கேட்டது.

"ஆச்சி, வயிறு வலிக்கு."

"கஞ்சி குடிச்சியா ராசாத்தி?"

"குடிச்சேன். நீ இன்னும் ஊத்து. உன் கஞ்சிதான் வாசமா இருக்கு."

டாக்டர் மூன்றாம் முறையாகக் கேட்டார்: "ஆச்சி, கஞ்சியில என்னெல்லாம் போடுதிய?" அரிசி, உப்பு, பால்பவுடர் மோர், வேறு ஒன்றும் இல்லை என்றேன். மூன்று முறையும் அதையே சொன்னேன்.

நாள் 1956. காலை 8:05

டாக்டர் சமையலறைக்கே வந்துவிட்டார். "நீங்க சொல்ல வேண்டாம், கஞ்சி வச்சுக் காட்டுங்க" என்றார். வைத்தேன். மோரை ஊற்றினேன். கை தானாக மேல்தட்டுக்குப் போய்ச் சின்ன டப்பாவை எடுத்து ஒரு சிட்டிகை போட்டது.

"அது என்னது?"

"பெருங்காயம். வயித்துவலிக்கு." எந்த வீட்டிலும் வயிறு வலிக்கிற பிள்ளைக்கு மோரில் பெருங்காயம் போட்டுத்தானே கொடுப்பார்கள். அதைப் பண்டம் என்று யார் எண்ணுவார்கள். அதனால்தான் இந்த ஏட்டிலும் எழுதவில்லை.

டாக்டர் டப்பாவைத் திருப்பி, அடியிலிருந்த பொடி எழுத்தைப் படித்தார். பிறகு என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். எழுத்துக்கூட்டிப் படித்தேன். பிசின். கோதுமை மாவு. பெருங்காயம். பாதிக்கு மேல் கோதுமை மாவு.

வலி கூடக் கூட நான் சிட்டிகையைக் கூட்டினேன்.

இதை எழுதுவது நான்தான். வேறு யார் மேலும் பழி வேண்டாம்.

நாள் 1971. மாலை 4:40

பெருங்காயத்தை நிறுத்திப் பதினைந்து நாள். உலகம்மையின் கை போன வாரம் பதினொன்று புள்ளி ஒன்பது. இன்று பன்னிரண்டு புள்ளி ஆறு. இழுப்பு இல்லை. உலகம்மை கதவைக் காலால் உதைக்கிற சத்தம் கேட்கிறது. "ஏட்டி, கதவை உடைச்சிராத" என்றேன். "உடைப்பேன்" என்றாள். செண்பகம் பக்கத்தில் நின்று சிரித்தாள். சிரித்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்லம்மா. தூக்கம் இல்ல."

அவள் கைக்கடிகாரம் முழங்கை வரைக்கும் இறங்கிக் கிடந்தது.

எனக்கும் ஒன்பது நாளாக வயிறு உப்பல். சாப்பிட்ட கோதுமை அப்படியே போகிறது. பெரியவர்களுக்கு வராது, குடல் முற்றியது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்களுக்கும் தலைவலி வந்தது, அதே தண்ணீரைத்தான் குடித்தோம். முற்றிய குடல் கொஞ்சம் தாமதமாகச் சண்டை போடுகிறது போலிருக்கிறது.

சொன்னால் டாக்டர் அரிசியைப் பங்கு போடுவார். அவர் நல்லவர், போடத்தான் செய்வார். இருபத்தெட்டாக வகுத்தால் ஆளுக்கு இருபத்தைந்து கிராம்கூடத் தேறாது. அதில் பிள்ளை பிழைக்காது. சொல்லவில்லை.

நாள் 1988. மதியம் 12:30. சாப்பாட்டறை

டாக்டர் மருத்துவச் சுரங்கத்திலிருந்து ஒலிபெருக்கியில் கேட்டார்: "யாருக்காவது வயிறு உப்புதா, கால் பின்னுதா, ஒளிக்காம சொல்லுங்க. யார் மேலயும் கோவப்பட மாட்டேன்."

இருபத்தொரு பெரியவர் தட்டுக்கு முன்னால் இருந்தோம். பம்பு பார்க்கிற ராசமணி, அவர் பிள்ளையும் சுரங்கத்துக்குள்தான், மைக்கை எடுத்தார். "டாக்டரம்மா, எனக்குக் கல்யாணம் ஆன நாள்லேர்ந்தே வயிறு உப்பித்தான் இருக்கு. அதுக்கு நீங்க என்ன செய்வீய?"

எல்லாரும் சிரித்தார்கள். காலையில் அவர் இடுப்பு பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டதை நான் பார்த்தேன். மூன்றாவது ஓட்டை அது.

"வேற யாரும்?" என்றார் டாக்டர்.

நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கன்னம் ஒட்டாத முகம் ஒன்று இல்லை. ரொட்டி தட்டில் பிய்த்தபடி கிடக்கிறது, குறையவில்லை. செண்பகம் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். எல்லாருக்கும் எல்லாம் தெரியும். மைக் கைமாறி வந்தது. என் கைக்கு வந்தபோது, "இங்க எல்லாரும் நல்லாருக்கோம், நீங்க பிள்ளைங்களைப் பாருங்க" என்றேன்.

"சரி ஆச்சி" என்றார் டாக்டர். அவர் குரலும் எங்கள் குரல் மாதிரியே மெலிந்துபோயிருந்தது.

நாள் 2013. நேரம் தெரியவில்லை

கப்பல் வர இருபத்தாறு நாள் இருக்கிறது. அரிசி பதினெட்டு கிலோ. சரியாக இருக்கிறது. ஒரு மணி குறையவில்லை.

சாப்பாட்டறையில் நேற்று ஒன்பது பேர். இன்று நான்கு. ராசமணி வரவில்லை. செண்பகம் படுத்துவிட்டாள், அவள் அறையை இரண்டு தடவை தட்டினேன். மூன்றாவது தட்டுக்குப் போக எனக்குப் பயமாக இருக்கிறது.

நின்று கிளற முடியவில்லை. உட்கார்ந்து கிளறுகிறேன். நூறு நூறு கிராமாக எல்லா நாளுக்கும் பொட்டலம் கட்டித் துளைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டேன். அடுப்பு மூட்ட டாக்டர் இருக்கிறார். அவர் விழுந்தால், பூமியிலிருந்து வந்த பெரிய பையன் இருக்கிறான், எட்டு வயசு, அவனிடம் அரிசியை ஊறவைத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

கப்பலில் வருகிற ஐயாமாரே, முதலில் கை கழுவுங்கள். மாவு பட்ட சட்டையோடு சுரங்கத்துக்குள் போகாதீர்கள். எங்களைத் தேடி நேரம் போக்க வேண்டாம், நேரே பிள்ளைகளிடம் போங்கள். பெரியவர்கள் எங்கே என்று கேட்பார்கள். வேலையாக இருக்கிறார்கள் என்று சொல்லு

கண் மங்குகிறது. விடாமல் எழுதுகிறேன்.

நீங்கள் கொண்டுவந்த அரிசியை வடித்து, ஆறு பேரும் வயிறு நிறையத் தின்ற பிறகு, அதற்கு முன்னால் வேண்டாம், உலகம்மையை நடுவில் நிறுத்தி ஒரு புதுப் படம் எடுங்கள். கோமதிக்கு, கோவில்பட்டிக்கு, அனுப்பி