காற்றைச் சொல்லாத காலை

வெஸ்டர்ஹாவ்ன்
மார்ச் 14, காலை

அன்பு மகள் ரிக்கெவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும். எழுத வேண்டிய வரியை எழுதிவிட்டேன், ஆனால் இந்த நலம் என்கிற வார்த்தையோடு எனக்கு இப்போது சண்டை, ஏன் என்று கீழே வரும். அப்பாவுக்கு முழங்கால் வலி, வாயைத் திறந்து சொல்ல மாட்டார், மாடிப்படி ஏறும்போது மட்டும் விசில் அடிக்கிறார், அதை வைத்துக் கண்டுபிடித்தேன். என் முதுகு மீன் ஃபாக்டரியில் கெட்டது கெட்டபடியே இருக்கிறது. நீ கம்ப்யூட்டரில் அனுப்பியதை அப்பா அச்செடுத்துக் கொடுத்தார், மூன்று பக்கம். பதிலைப் போனில் சொல்லியிருப்பேன், ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், காகிதத்தில் பேச முடியாது பார். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி நீயே வைத்துக்கொள், திருப்பி அனுப்பாதே.

மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போட்டுட்டு கௌரவமா விலகிக்கோம்மா, நீ நர்ஸும் இல்ல போலீஸும் இல்ல என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான், நான் ஏழாம் வகுப்போடு ஓடி வந்தவள். நீ பெர்த்தில் சுரங்கக் கம்பெனிக்குப் பாதுகாப்பு விதி எழுதுகிறவள், உலகத்தின் மறுகோடியில் ஒரு விதி உடைந்தாலும் உன் மூக்கு அரிக்கும். ஆனால் உனக்குக் கதை சொன்னது அப்பா, அவர் எதையும் பாதியில் விட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போகிறவர், அதனால் முழுசாகக் கேள்.

நம் ஊர் முதியோர் உதவிச் சங்கத்துக்காகக் காலை எட்டு மணியிலிருந்து ஒன்பதுக்குள் எட்டுப் பேருக்குச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தே போன் போடுவேன், எல்லாரும் தனியாக இருக்கிற வயசானவர்கள். நலமா என்று கேட்க வேண்டும், நலம் என்றால் பட்டியலில் ஒரு கோடு. இரண்டு தடவை அடித்தும் எடுக்காவிட்டால்தான் ஆள் அனுப்பலாம், எடுத்து நலம் என்று சொல்லிவிட்டால் அவர் வீட்டுப் பக்கம் யாரையும் அனுப்பக் கூடாது, இதுதான் சங்கத்தின் விதி. போன வருஷம் என் எட்டுப் பேரில் ஒருத்தியான கிர்ஸ்டீன் எடுக்கவில்லை என்று ஒரே தடவை அடித்துவிட்டுப் பூட்டை உடைக்க வைத்தேன், அவள் தலைமுடி சுருட்டப் போயிருந்தாள். அந்தக் கேலி இன்னும் ஓயவில்லை, சரி, அது என் தப்பு. ஆனால் நம் ஊர் ஆட்களை உனக்குத் தெரியாதா, கூரை பாதி பறந்து போனாலும் கொஞ்சம் காற்றோட்டமா இருக்கு என்பார்களே தவிர வேறு சொல்ல மாட்டார்கள். அதனால் நான் அவர்கள் சொல்கிற நலத்தைக் கேட்பதில்லை, அதைச் சுற்றி இருப்பதைக் கேட்பேன், ரேடியோ ஓடுகிறதா, காப்பி கொதிக்கிறதா, திட்டுகிறாரா என்று.

இப்போது லவுஸ்ட். எண்பத்து நாலு வயசு, ஐம்பது வருஷம் கடலில் இருந்தவர். ஆறு வருஷமாக எட்டு பத்துக்கு நான் கூப்பிடுவேன், காலை வணக்கம்கூடச் சொல்லாமல் ஜன்னல் வழியாகக் கொடிக்கம்பத்தில் கொடி பறக்கிற பக்கத்தைப் பார்த்துக் காற்றைச் சொல்வார், தென்மேற்கு, மிதமா என்று. கிழவரே நாம கல்யாணம் பண்ணிக்கலாமா என்று நான் கேட்பேன், உனக்குச் சமைக்கத் தெரியாதுன்னு ஊரே சொல்லுது, வேற ஆளப் பாரு என்பார். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை உடனே எடுத்தார், எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஒரு குறையும் இல்ல என்றார், காற்றைச் சொல்லவில்லை. நானாகவே கேட்டேன். காத்தா, அது இருக்கும், எங்க போகப்போகுது என்றார். நம் வீட்டுக் கொடிக்கம்பம் வளைகிற அளவுக்கு மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது ரிக்கெ, அந்த மனுஷன் அது இருக்கும் என்கிறார். போனை வைத்துவிட்டேன், கோடு போடக் கை வரவில்லை. லவுஸ்ட் வீட்டுச் சாவி வைத்திருக்கிற அவருடைய பக்கத்து வீட்டுக்காரி இங்கரைக் கூப்பிட்டேன். அவர்தான் நல்லா இருக்கேன்னுட்டாரே, நான் போனா கடிச்சுக் குதறிடுவார்டி என்றாள். கடிச்சா பல்லு நல்லா இருக்குன்னு அர்த்தம், போடி என்றேன்.

அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே, ஜன்னல் தெரியாத இடத்தில் தரையில் கிடந்தார், இடுப்பு எலும்பு முறிந்து, முந்தின நாள் மத்தியானத்திலிருந்து. போன் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது, யாரையும் கூப்பிடவில்லை, தொந்தரவு கொடுக்கக் கூடாதாம். இங்கரைப் பார்த்து, நான் கால்சட்டை போடல, வெளிய போ என்று கத்தினாராம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் உடம்பு விறைத்திருக்கும் என்று ஆம்புலன்ஸ்காரர் சொன்னார்.

அப்பா உனக்குச் சொல்லாமல் விட்டது இதுதான், என் மேல் புகார் கொடுத்ததே லவுஸ்ட்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து சங்கத் தலைவர் பிரேபெனைக் கூப்பிட்டு, நான் நல்லா இருக்கேன்னு சொன்னா நல்லா இருக்கேன், அதுக்கு மேல அவ யாரு என்றாராம். உன்னிடம் சொல்வதற்கென்ன, அது குத்தியது. பிரேபென் ஒரு காகிதத்தோடு வந்தான். காப்பி கொடுத்தேன், கேக் வைக்கவில்லை, நம் ஊரில் அதற்கு வேண்டாத விருந்தாளி என்று அர்த்தம், அது அவனுக்கும் தெரியும். நான் தவறு செய்தேன், இனி விதியை மீற மாட்டேன் என்று எழுதியிருந்தது. எனக்குப் படிக்க மெதுவாகத்தான் வரும், அதனால் ஒரு வார்த்தை விடாமல் படித்தேன், படித்துவிட்டு அவன் காப்பிக் கோப்பைக்கு அடியில் வைத்தேன். கையெழுத்துப் போடலன்னா திங்கட்கிழமையிலிருந்து உன் ஆட்களை மெஷின்தான் கூப்பிடும், நலம்னா ஒன்றை அமுக்கணும், அவ்வளவுதான் என்றான். லவுஸ்ட் தரையில் கிடந்தபடியே ஒன்றை அமுக்கியிருப்பார் பிரேபென் என்றேன். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எனவே மகளே, நான் விலகவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அவர் கதவு அவருடையதுதான், அதில் அவர் சொல்வது நியாயம், கோபப்பட அவருக்கு உரிமை உண்டு. ஆனால் நாளைக்கே மறுபடியும் காற்றைச் சொல்லாவிட்டால் மறுபடியும் அதே கதவைத்தான் திறக்கச் சொல்வேன், மறுபடியும் புகார் கொடுக்கட்டும். பட்டியலை வாங்கிக்கொண்டார்கள், போன் என்னுடையது, எண்கள் மனப்பாடம். மற்ற ஏழு பேரையும் மெஷின் முடித்த பிறகு நான் சங்கத்து ஆளாக இல்லாமல் வெறும் டோர்த்தேயாகக் கூப்பிடுகிறேன். கிர்ஸ்டீன் நேற்று, மெஷினுக்கு ஒன்ன அமுக்கிட்டேன், உனக்கு உண்மையச் சொல்றேன், மூணு நாளா கால் வீங்கிக் கிடக்கு என்றாள். டாக்டரை வரவழைத்தாயிற்று. லவுஸ்டை மட்டும் கூப்பிடவில்லை, வேண்டாம் என்றவரை எப்படிக் கூப்பிடுவது. எட்டு பத்து ஆனதும் எழுந்து பாத்திரம் கழுவுவேன்.

இன்று காலை எட்டு பத்துக்குக் கை முழுக்க நுரையோடு நிற்கிறேன், போன் அடித்தது. வடமேற்கு, பலமா என்றது குரல். நுரை வழிய வழியப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவரே, இங்க ஜன்னல் சுவரைப் பாத்து இருக்கு, நர்ஸை வெளிய போய்ப் பாத்துட்டு வரச் சொன்னேன் என்று முணுமுணுத்துவிட்டு வைத்துவிட்டார். புகாரை வாபஸ் வாங்குவதாக ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் ரிக்கெ, ஒரு ராத்திரி பூராவும் தரையில் கிடந்தும் யாரிடமும் எதுவும் கேட்காத மனுஷன் ஒரு நர்ஸிடம் கேட்டிருக்கிறார்.

நல்லாச் சாப்பிடு, வெயிலில் தொப்பி போடு, உன் கையும் காலும் மனசும் திடமாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் தினமும் வாழ்த்துகிறோம். ஒன்றை மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது நல்லா இருக்கேம்மா என்று சொல்லிவிட்டு வைக்காதே, ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று சொல். சொல்லாவிட்டால் உன் பக்கத்து வீட்டுக்காரர் எண் என்னிடம் இருக்கிறது.

கையெழுத்துப் போட மறுத்த கையால்,
உன் அம்மா
டோர்த்தே